வாயைக் கட்டினால் போதுமா?

ஆய்வுக்கூடத் தாளில் கொலஸ்ட்ரால் ஏறியிருந்தால் நம் ஊரில் உடனே விசாரணை தொடங்கிவிடும். எண்ணெய்ப் பலகாரம் தின்றாயா, மட்டனை விடவில்லையா, காலையில் வாக்கிங் போனாயா? வீட்டார் கேட்பார்கள், மருத்துவர் கேட்பார், டயட்டீஷியன் கேட்பார். நாள் முழுக்க எந்தச் சாலையோரம் நின்று வேலை பார்க்கிறீர்கள், உங்கள் வீட்டுக்கு எவ்வளவு தூரத்தில் அனல்மின் நிலையம் இருக்கிறது, சமையல் எந்த அடுப்பில் என்று கேட்ட மருத்துவரை நான் பார்த்ததில்லை. ரத்தக் கொழுப்பும் சர்க்கரையும் வாய் வழியாகத்தான் வரும் என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது. நோயாளியிடமும் அது இருக்கிறது, நோய் தீர்ப்பவரிடமும் இருக்கிறது, சட்டம் இயற்றுபவரிடமும் இருக்கிறது. அது தவறு. தவறாக இருப்பதோடு நிற்காமல் தீங்கும் செய்கிறது.

மறுப்பதற்கு முன் அந்தக் கருத்தை அதன் முழுப் பலத்தோடு வைத்துவிடுவதே முறை. ரத்தத்தில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு சர்க்கரை என்பதை உணவும் உடலுழைப்பும் பரம்பரையும் தீர்மானிக்கின்றன. காற்று மாசு நுரையீரலின் விவகாரம், அதிகம் போனால் இதயத்தின் விவகாரம். ஆகவே சர்க்கரைக்கும் கொலஸ்ட்ராலுக்கும் மருந்து தனிமனித ஒழுக்கம். இப்படிச் சொல்கிறவர்கள் கையில் நல்ல சான்றுகள் இருக்கின்றன. சென்னையைச் சேர்ந்த டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரில், உணவையும் நடையையும் திருத்திக்கொண்ட பிரிவினருக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. இது பெரிய சாதனை. உலகமே இதை மேற்கோள் காட்டுகிறது.

அதே ஆய்வின் இன்னொரு எண்ணை யாரும் மேடையில் சொல்வதில்லை. உணவையும் நடையையும் திருத்திக்கொண்ட அந்தப் பிரிவிலும் மூன்றாண்டுக்குள் 39.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. அதற்குக் காற்றுதான் காரணம் என்று அந்த ஆய்வு காட்டவில்லை. நானும் அப்படிச் சொல்லவில்லை. தட்டைத் திருத்தினால் கணக்கு தீர்ந்துவிடும் என்பதற்கு அது சான்றாகாது என்கிறேன். 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் (ICMR-INDIAB) ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு. தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். நாடு முழுக்கப் பார்த்தால், ரத்தக் கொழுப்பில் ஏதாவது ஒரு கோளாறு உள்ளவர்கள் 81.2 சதவீதம். ஐந்து பெரியவர்களில் நால்வருக்குக் கொழுப்பின் அளவு சரியில்லை என்றால், நால்வரும் வாயைக் கட்டத் தெரியாதவர்கள் என்று தீர்ப்பெழுதிவிட்டுப் போக முடியுமா?

1. மூச்சில் போவது நுரையீரலோடு நின்றுவிடும் என்று எந்த உடலியல் பாடம் சொல்கிறது?

சிகரெட் பிடிப்பவரிடம் மருத்துவர் என்ன சொல்கிறார்? விட்டுவிடுங்கள், நல்ல கொலஸ்ட்ரால் ஏறும் என்கிறார். சரியாகத்தான் சொல்கிறார். புகைப்பவர்களுக்கு எச்.டி.எல். என்ற அந்த நல்ல கொலஸ்ட்ரால் குறைகிறது, புகைக்காதவர்களைவிட அவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு 30 முதல் 40 சதவீதம் அதிகம் என்று 2014இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் தலைவரின் அறிக்கையே பதிவுசெய்தது. ஆக, மூச்சு வழியே போகும் புகை ரத்தக் கொழுப்பையும் சர்க்கரையையும் மாற்றும் என்பதை மருத்துவம் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. புகையிலையின் புகை அதைச் செய்யும், லாரியின் புகையும் நிலக்கரியின் புகையும் செய்யாது என்று சொல்ல வேண்டுமானால் அதற்குத்தான் தனிக் காரணம் காட்ட வேண்டும். இதுவரை யாரும் காட்டவில்லை.

வழிகள் தெரிந்தவைதான். இரண்டரை மைக்ரானுக்கும் குறைவான துகளைப் பி.எம். 2.5 என்கிறோம், தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. அது மூக்கிலும் தொண்டையிலும் தங்காது, நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும். அங்கே காவலிருக்கும் விழுங்கணுக்கள் அதை விழுங்கிவிட்டு, அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-6 போன்ற புரதங்களை ரத்தத்தில் விடுகின்றன. அழற்சி நுரையீரலுக்குள் அடங்கிக் கிடப்பதில்லை. கல்லீரலுக்கும் தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் போகிறது. அங்கே இன்சுலினின் கட்டளை மங்குகிறது. இன்சுலின் சொல் எடுபடாத கொழுப்புத் திசு தன் சேமிப்பைக் கொழுப்பமிலங்களாக ரத்தத்தில் அவிழ்த்துவிடுகிறது. கல்லீரல் அவற்றை வாங்கி டிரைகிளிசரைடாகக் கட்டி மறுபடியும் ரத்தத்துக்கு அனுப்புகிறது. டிரைகிளிசரைடு ஏறினால் எச்.டி.எல். இறங்கும். இந்தியர்களின் ஆய்வுக்கூடத் தாள்களில் திரும்பத் திரும்பத் தென்படும் கோலம் இதேதான்: டிரைகிளிசரைடு அதிகம், எச்.டி.எல். குறைவு.

இரண்டாவது வழி நரம்பு. மூச்சுப் பாதையில் உள்ள உணர்விகள் மாசை ஆபத்தாக எடுத்துக்கொண்டு மூளைக்குச் சொல்கின்றன. மூளை அட்ரினலினையும் கார்டிசோலையும் கூட்டச் சொல்கிறது. ஓடவோ போராடவோ தேவைப்படும் எரிபொருளாகச் சர்க்கரையும் கொழுப்பும் ரத்தத்தில் இறங்குகின்றன. போக்குவரத்துச் சிக்னலில் நிற்பவர் ஓடுவதுமில்லை, போராடுவதுமில்லை. இறங்கிய எரிபொருள் செலவாகாமல் ரத்தத்திலேயே சுற்றுகிறது.

மூன்றாவது வழியில் துகளே நேரடியாக ரத்தத்துக்குள் போகிறது. எடின்பரோ ஆய்வாளர்கள் ஆரோக்கியமான தன்னார்வலர்களை மிக நுண்ணிய தங்கத் துகள்களைச் சுவாசிக்கச் செய்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். தங்கம் ரத்தத்தில் தென்பட்டது. மூன்று மாதம் கழித்தும் சிறுநீரில் தென்பட்டது. பக்கவாத அபாயத்தால் அறுவைச் சிகிச்சைக்கு வந்தவர்களின் கழுத்துத் தமனியிலிருந்து அகற்றிய கொழுப்புப் படிவுக்குள்ளும் அந்தத் தங்கம் இருந்தது. நுரையீரலுக்கும் ரத்தக் குழாயின் கொழுப்புப் படிவுக்கும் இடையே சுவர் இருக்கிறது என்று நம்புகிறவர்கள் இந்த ஒரு முடிவுக்குப் பதில் சொல்லட்டும்.

இன்னொன்றும் உண்டு. அது ஆய்வுக்கூடத் தாளில் வராது. கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு கேள்வி; அது ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கிறதா என்பது வேறு கேள்வி. ஆக்சிஜனேற்றம் அடைந்த எல்.டி.எல்.லைத்தான் தமனிச் சுவரில் உள்ள விழுங்கணுக்கள் அளவின்றி விழுங்கி, கொழுப்பு நிறைந்து வீங்கி, படிவாகின்றன. டீசல் புகையைச் சுவாசித்த எலிகளில் எச்.டி.எல். அந்த ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் தன் காவல் வேலையை இழந்தது. எண்கள் அளவோடு இருக்கும், தரம் கெட்டிருக்கும். 'என் கொலஸ்ட்ரால் நார்மல்' என்ற நிம்மதியும் மாசுக் காற்றில் முழு நிம்மதி இல்லை.

2. 'இதெல்லாம் வெறும் தொடர்பு, காரணம் இல்லை' என்பவர்கள் எந்தச் சான்றைக் கேட்கிறார்கள்?

மறுப்புகளில் இதுதான் கனமானது. அதனால் இங்கே நின்று பேச வேண்டும். மாசு அதிகமுள்ள இடத்தில் ஏழைகள் வாழ்கிறார்கள். ஏழைகளின் உணவு சரியில்லை. ஆக நோய்க்கு உணவுதான் காரணம், காற்று கூடவே நிற்கும் சாட்சி மட்டுமே. வாதம் இப்படிப் போகிறது. சீனாவின் வடகிழக்கில் ஷென்யாங், அன்ஷான், ஜின்ஜோ ஆகிய மூன்று நகரங்களில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து, மாசு கூடிய இடங்களில் எல்.டி.எல். கூடுதல், எச்.டி.எல். குறைவு என்று காட்டினாலும் இதே பதில்தான் வரும். அந்த ஆய்வு ஒரு நேரத்து நிலவரத்தை எடுத்த படம் என்பதால் அந்தப் பதிலில் நியாயமும் இருக்கிறது.

சரி, உணவைச் சமமாக்கிவிடுவோம். 2005இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த சோதனை அதைச் செய்தது. தமனிப் படிவு எளிதில் வரும் வகை எலிகளுக்கு ஒரே கொழுப்புணவைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவு ஆறு மாதம் வடிகட்டிய காற்றைச் சுவாசித்தது. இன்னொரு பிரிவு நியூயார்க் மாநிலத்தின் டக்சிடோ வட்டாரத்துத் துகள்களை, சராசரி கனமீட்டருக்கு 15.2 மைக்ரோகிராம் என்ற அளவில் சுவாசித்தது. நல்ல காற்றுப் பிரிவில் தமனியின் 26.2 சதவீதப் பரப்பில் படிவு. துகள் பிரிவில் 41.5 சதவீதம். தட்டு ஒன்று, காற்று மட்டும் வேறு. சாதாரண உணவு தின்ற எலிகளிடையே இந்த வித்தியாசம் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது என் வாதத்தைக் குறைப்பதில்லை. மோசமான உணவின் தீங்கை மோசமான காற்று பெருக்குகிறது என்று அது காட்டுகிறது. 'உணவா, காற்றா' என்று பிரித்து நிறுத்திக் கேட்பதே பிழை.

எலி மனிதன் இல்லை என்பார்கள். மனிதனுக்கும் சோதனை நடந்திருக்கிறது. ஷாங்காய் நகரில் 55 ஆரோக்கியமான கல்லூரி மாணவர்களின் விடுதி அறைகளில் காற்றுச் சுத்திகரிப்பான்களை வைத்தார்கள். ஒன்பது நாள் உண்மையான வடிகட்டி, ஒன்பது நாள் வடிகட்டி இல்லாத வெறும் கருவி, இடையே 12 நாள் இடைவெளி. எது எப்போது என்பது மாணவர்களுக்கும் தெரியாது, அளந்தவர்களுக்கும் தெரியாது. வெறும் கருவி ஓடிய நாட்களில் அவர்கள் சுவாசித்த பி.எம். 2.5 சராசரி கனமீட்டருக்கு 53 மைக்ரோகிராம். வடிகட்டி ஓடிய நாட்களில் 24. மாசு கூடிய நாட்களில் கார்டிசோல், அட்ரினலின், நார்அட்ரினலின் ஏறின. ரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பமிலங்களும் ஏறின. ரத்த அழுத்தமும் இன்சுலின் எதிர்ப்பும் ஏறின. 2017இல் 'சர்க்குலேஷன்' இதழ் இதை வெளியிட்டது. அதே மாணவர், அதே விடுதி, அதே வறுமை அல்லது வளமை. ஒருவரை அவரோடேயே ஒப்பிடும்போது ஏழை, பணக்காரன் என்ற சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஒரு மாத்திரைக்கு ஒப்புதல் கொடுக்க நாம் கேட்கும் அதே வகைச் சோதனைதான் இது.

ஒன்பது நாளில் நடப்பது சரி, ஆண்டுக்கணக்கில் நோயாகுமா? அமெரிக்காவில் 17 லட்சத்துக்கும் மேற்பட்ட முன்னாள் படைவீரர்களைச் சராசரி எட்டரை ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வு 2018இல் வந்தது. பி.எம். 2.5 பத்து மைக்ரோகிராம் கூடும்போது நீரிழிவு வரும் வாய்ப்பு 15 சதவீதம் கூடியது. ஆய்வாளர்கள் தங்கள் முறையையே சோதித்துப் பார்த்தார்கள். மாசுக்கும் கால் எலும்பு முறிவுக்கும் தொடர்பு வருகிறதா? வரக் கூடாது, வரவில்லை. காற்றிலுள்ள சோடியத்துக்கும் நீரிழிவுக்கும் தொடர்பு வருகிறதா? அதுவும் வரவில்லை. வறுமைதான் மறைந்திருந்து ஆட்டுவிக்கிறது என்றால் இந்த இடங்களிலும் அது தலைகாட்டியிருக்க வேண்டாமா?

3. 'விளைவு மிகச் சிறியது' என்பதை யாருடைய கணக்கில் சொல்கிறீர்கள்?

நம் ஊரின் எண்ணே கையில் இருக்கிறது. டெல்லியிலும் சென்னையிலுமாகப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை 2010 முதல் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2023இல் வெளியானது. சென்னையின் நீரிழிவு ஆய்வாளர்கள் அதில் பங்கேற்றார்கள். ஒரு மாதச் சராசரி பி.எம். 2.5 பத்து மைக்ரோகிராம் கூடினால் வெறும் வயிற்றுச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 0.40 மில்லிகிராம் கூடுகிறது என்றது அது. அரை மில்லிகிராமுக்காகவா இவ்வளவு கூச்சல் என்று கேட்பவர்கள் அடுத்த வரியையும் படிக்க வேண்டும்: ஆண்டுச் சராசரி பத்து மைக்ரோகிராம் கூடினால் நீரிழிவு வரும் வாய்ப்பு 22 சதவீதம் கூடுகிறது.

ஒரு நோயாளியின் மேசையில் 0.40 ஒன்றுமில்லை, மருத்துவர் அதைக் கண்டுகொள்ளாதது சரிதான். ஆனால் ஒரு ஊர் முழுக்க எல்லோருடைய சர்க்கரையும் ஒருசேரச் சற்றே நகரும்போது, கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற பெருங்கூட்டம் அந்தப் பக்கம் போய்விடுகிறது. பிரிட்டன் நோய்ப்பரவலியல் அறிஞர் ஜெஃப்ரி ரோஸ் 1985இலேயே இதை விளக்கிவிட்டார். அதிக அபாயம் கொண்ட சிலரைவிட, சிறு அபாயம் கொண்ட பலரிடமிருந்துதான் நோயாளிகளில் பெரும்பங்கினர் வருகிறார்கள். பலகாரத்தை ஒருவர் தின்கிறார், இன்னொருவர் தின்பதில்லை. காற்றை எல்லோரும் சுவாசிக்கிறார்கள், நாள் முழுக்க, பிறந்ததிலிருந்து. உலகில் இரண்டாம் வகை நீரிழிவின் சுமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வெளிக்காற்று, வீட்டுப்புகைத் துகள்களால் வருகிறது என்று உலக நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிட்டது. ஐந்தில் ஒரு பங்கைச் சிறியது என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

4. கடற்காற்று நம்மைக் காப்பாற்றும் என்று யார் சொன்னது?

'மாசு டெல்லிக்காரர்களின் பாடு; சென்னைக்குக் கடல் இருக்கிறது.' இதைக் கேட்காத ஆண்டில்லை. டெல்லியின் ஆண்டுச் சராசரி சென்னையைவிட இரண்டு, மூன்று மடங்கு என்பது உண்மை. மேலே சொன்ன ஆய்வின் காலத்தில் டெல்லியில் 82 முதல் 100, சென்னையில் 30 முதல் 40. அந்த 30-40க்குப் பக்கத்தில் உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த அளவை வைத்துப் பாருங்கள்: 5. சென்னை அதைப்போல ஆறு முதல் எட்டு மடங்கு. நமக்கு இது உறைக்காததற்குக் காரணம் நம்முடைய அளவுகோல். இந்தியா 2009இல் வகுத்த ஆண்டு வரம்பு 40. நாள் சராசரி 60 வரை போனாலும் நம் காற்றுத் தரக் குறியீடு அதைத் 'திருப்திகரம்' என்றே காட்டும்; உலக சுகாதார நிறுவனத்தின் நாள் வரம்போ 15.

வரம்புக்குள் இருந்தால் உடல் தப்புமா? ஹைதராபாத்துக்குத் தெற்கே 28 கிராமங்களில் கழுத்துத் தமனிச் சுவரின் தடிமனை அளந்தார்கள். அங்கே பி.எம். 2.5 சராசரி ஏறத்தாழ 33. சட்டப்படி தூய காற்று. மாசு கூடிய கிராமத்தாருக்குத் தமனிச் சுவர் தடித்திருந்தது. தமனிச் சுவர் தடிப்பது, கொலஸ்ட்ரால் என்ற பேச்சு எதற்காக எழுந்ததோ அந்த நோயின் தொடக்கம். படைவீரர் ஆய்வு இன்னும் கசப்பான செய்தியைச் சொன்னது. நீரிழிவு அபாயம் 2.4 மைக்ரோகிராமுக்கு மேலேயே வேகமாக ஏறத் தொடங்கி, பத்தைத் தாண்டிய பிறகு மெதுவாக ஏறுகிறது. அதாவது ஏற்றத்தின் செங்குத்தான பகுதியைச் சென்னை ஏறி முடித்துவிட்டது. டெல்லியோடு ஒப்பிட்டு ஆறுதல் அடைய இதில் ஒன்றுமில்லை.

கடற்காற்று என்ன செய்கிறது என்றும் யோசிக்க வேண்டும். அது பகலில் கடலிலிருந்து நிலத்துக்குள் வீசும் காற்று. எண்ணூரின் அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும் கரையோரத்தில் இருக்கின்றன. அங்கிருந்து எழும் புகையைக் கடற்காற்று கடலுக்குள் தள்ளாது, குடியிருப்புகளின் மேல் தள்ளும். அடையாற்றில் உட்கார்ந்து அதைச் சுகமான காற்று என்று சொல்லலாம். எண்ணூரை ஒட்டிய அத்திப்பட்டில் அப்படிச் சொல்ல முடியாது.

5. ஒழுக்கமாக வாழ்பவனை மாசு விட்டுவிடுமா?

லண்டனில் 60 வயதைத் தாண்டிய 119 பேரை இரண்டு மணி நேரம் நடக்கச் செய்தார்கள். ஒரு நாள் ஹைட் பூங்காவில், இன்னொரு நாள் டீசல் பேருந்துகளும் டாக்சிகளும் ஓடும் ஆக்ஸ்ஃபோர்டு வீதியில். ஆரோக்கியமானவர்களும் இருந்தார்கள், நுரையீரல் அடைப்பு நோயாளிகளும் இதய நோயாளிகளும் இருந்தார்கள். பூங்காவில் நடந்தபோது நுரையீரலின் திறன் கூடியது, தமனியின் விறைப்பு தளர்ந்தது. அதே நடையை ஆக்ஸ்ஃபோர்டு வீதியில் நடந்தபோது அந்த நன்மை சுருங்கியது அல்லது இல்லாமலே போனது. மருத்துவர் எழுதிக்கொடுக்கும் முதல் மருந்து நடை. அந்த மருந்து வேலை செய்யவே நல்ல காற்று வேண்டும். தனிமனித ஒழுக்கத்தை உயர்த்திப் பேசுகிறவர்கள்தான் காற்றுக்காக முதலில் குரல் கொடுக்க வேண்டியவர்கள்.

2019 நவம்பரில் டெல்லி மூச்சுத் திணறிக்கொண்டிருந்தபோது, அப்போதைய மத்திய சுகாதார அமைச்சர் ஹர்ஷ் வர்தன், கேரட் சாப்பிடுவது மாசின் தீங்குகளுக்கு எதிராக உதவும் என்று ட்விட்டரில் எழுதினார். அவர் ஒரு மருத்துவர். தட்டுதான் எல்லாம் என்ற நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டாம். புகைக் கூண்டிலிருந்து வரும் தீங்குக்கும் பரிகாரத்தைச் சமையலறையில் தேடச் சொல்கிறது அது.

அந்தச் சமையலறையும் எல்லோருக்கும் ஒன்றில்லை. சுள்ளியும் வறட்டியும் எரியும் அடுப்பின் முன் உட்காரும் பெண், எண்ணெயைக் குறைத்துச் சமைக்கும்போதும் அந்தப் புகையைத்தான் சுவாசிக்கிறார். சிக்னலில் நிற்கும் போக்குவரத்துக் காவலர், ஆட்டோ ஓட்டுநர், நடைபாதையில் பூக்கட்டுபவர், உணவுப் பொட்டலத்தைச் சுமந்து நாளெல்லாம் பைக்கில் அலையும் இளைஞர் எல்லோரும் அப்படியே. இவர்களில் யார் எந்த ஒழுக்கத்தால் தப்பிக்க முடியும்? தப்பிக்க வழியில்லாதவரிடம் 'உன் கொழுப்புக்கு நீதான் பொறுப்பு' என்று சொல்வது மருத்துவ அறிவுரை இல்லை, அநீதி.

6. 'ஆதாரம் போதாது' என்று இன்னும் எத்தனை ஆண்டு சொல்வீர்கள்?

மாசு ஆயுளைக் குறைக்கிறது என்று எந்த இந்திய ஆய்வும் காட்டவில்லை என 2019 டிசம்பரில் மக்களவையில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் பிரகாஷ் ஜவடேகர் சொன்னார். இன்ன நோய் முழுக்க மாசினால்தான் வந்தது என்று நிறுவும் தீர்க்கமான தரவு இல்லை என்ற பதிலை அதற்குப் பிறகும் நாடாளுமன்றத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறோம். 'முழுக்க' என்ற நிபந்தனையை எந்த நோயால் நிறைவேற்ற முடியும்? மாரடைப்பு முழுக்கக் கொலஸ்ட்ராலால் வருவதில்லை. அதற்காகக் கொலஸ்ட்ராலுக்கு மருந்து கொடுக்காமல் இருக்கிறோமா? அமெரிக்க இதயச் சங்கம் 2010இலேயே நுண்துகளுக்கும் இதய நோய்க்கும் உள்ள உறவு காரண உறவோடு ஒத்துப்போகிறது என்று அறிவித்துவிட்டது.

இந்தத் தயக்கத்துக்கு விலை இருக்கிறது. 2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டம் நகரங்களின் முன்னேற்றத்தைப் பி.எம். 10 என்ற பெரிய துகள்களை வைத்தே பெரும்பாலும் அளக்கிறது. அளப்பது எதுவோ அதற்குத்தான் பணம் போகும். செலவான நிதியில் 64 சதவீதம் சாலைப் புழுதியை அடக்கவே போனது என்றும், தொழிற்சாலைப் புகைக்கு ஒரு சதவீதம்கூடப் போகவில்லை என்றும் டெல்லியின் அறிவியல், சுற்றுச்சூழல் மையம் 2024இல் கணக்குக் காட்டியது. புழுதியின் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். காற்றறையின் அடிவரை போய் இன்சுலினோடு மோதுவது எரிபொருளிலிருந்து வரும் நுண்துகள். கொழுப்புக்கும் சர்க்கரைக்கும் காற்றோடு உறவிருக்கிறது என்று ஏற்றிருந்தால், சாலைக்குத் தண்ணீர் தெளிக்கும் வண்டிகளுக்கு இவ்வளவு பணம் போயிருக்காது.

அனல்மின் நிலையங்களின் கதை இன்னும் மோசம். கந்தகப் புகையை வடிக்கும் கருவியைப் பொருத்த வழிசெய்யும் விதிகள் 2015இல் வந்தன. இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்தார்கள். பிறகு அவகாசம் நீண்டுகொண்டே போனது. கடைசியில் 2025 ஜூலையில், நிலக்கரி மின் அலகுகளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டவற்றுக்கு அந்தக் கருவி வேண்டாம் என்று மத்திய அரசு விலக்கு அளித்தது. காற்றில் கந்தக டை ஆக்சைடின் அளவு ஏற்கெனவே வரம்புக்குள் இருக்கிறது என்பது சொல்லப்பட்ட காரணம். அந்த வாயு வாயுவாகவே இருப்பதில்லை. காற்றில் பயணம் செய்யும்போதே சல்பேட் துகளாக மாறி, பி.எம். 2.5 கணக்கில் சேர்ந்துவிடுகிறது. வாயுவை மட்டும் அளந்துவிட்டுத் தீங்கில்லை என்று முடிவுசெய்தார்கள்.

காற்றைச் சுத்தமாக்கினால் பயன் தெரிய ஒரு தலைமுறை ஆகும் என்ற வாதமும் செல்லாது. 2008 ஒலிம்பிக்ஸுக்காகப் பெய்ஜிங்கில் ஆலைகளையும் வாகனங்களையும் கட்டுப்படுத்தியபோது, 125 ஆரோக்கியமான இளைஞர்களின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். ரத்தம் உறைவதோடு தொடர்புடைய குறியீடுகள் சில வாரங்களிலேயே இறங்கின. விளையாட்டு முடிந்து புகை திரும்பியதும் அவையும் பழைய நிலையை நோக்கித் திரும்பின. ஷாங்காய் விடுதியில் வித்தியாசம் தெரிய ஒன்பது நாள் போதுமாக இருந்தது. எந்த உணவுமுறையும் ஒரு நகரத்தின் எல்லா மக்களிடமும் இவ்வளவு விரைவில் வேலை செய்யாது.

செய்ய வேண்டியவை கண்ணுக்கு முன்னால் இருக்கின்றன. தூய காற்றுத் திட்டத்தின் இலக்கைப் பி.எம். 2.5க்கு மாற்ற வேண்டும். 2009இன் வரம்பைத் திருத்த வேண்டும். அனல்மின் நிலையங்களுக்குக் கொடுத்த விலக்கைத் திரும்பப் பெற வேண்டும். நீரிழிவுக்கும் ரத்தக் கொழுப்புக்கும் சிகிச்சை பெற வருபவர் எங்கே வாழ்கிறார், எங்கே வேலை பார்க்கிறார், எதில் சமைக்கிறார் என்ற மூன்று கேள்விகளும் நோயாளிப் பதிவேட்டில் இடம்பெற வேண்டும்.

மருத்துவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். அனல்மின் நிலைய விரிவாக்கத்துக்கோ ஆலைக்கோ முன்பாக மாவட்டத்தில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கிறது. மீனவர்கள் வருகிறார்கள், விவசாயிகள் வருகிறார்கள், இருமலையும் மூச்சுத் திணறலையும் பற்றிப் பேசுகிறார்கள். நீரிழிவுச் சிகிச்சைக்கு நாடே சென்னையை நோக்கி வருகிறது. அந்தச் சிகிச்சையைத் தரும் மருத்துவர்களும் அந்தக் கூட்டங்களுக்கு வாருங்கள். அந்த வட்டாரத்து நோயாளிகளின் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி எண்களையும் டிரைகிளிசரைடு எண்களையும் மாவட்ட ஆட்சியரின் முன்னால் வையுங்கள். கூட்டத்தின் குறிப்பேட்டில் அவை பதிவாகட்டும்.